ஜான்னி ரோதாரி: கதை கட்ட ஓர் இலக்கணம் எழுதியவர்

நாய், அலமாரி. இந்த இரண்டு சொற்களையும் வைத்து ஒரு கதை சொல்லுங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்? அலமாரியைத் திறந்தால் உள்ளே நாய் உட்கார்ந்திருக்கிறது என்று தொடங்கலாம். அது நாயுடைய சொந்த அலமாரி, அதில் அதன் கழுத்துப்பட்டைகளும் குளிர்கால மேலங்கிகளும் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்றும் தொடங்கலாம். இல்லாவிட்டால், ஒரு நாய் அலமாரியை முதுகில் தூக்கிக்கொண்டு தெருவில் போகிறது. நத்தைக்கு ஓடு மாதிரி, அதற்கு அதுதான் வீடு.

அலமாரி என்ற சொல் தனியாக நிற்கும்போது யாருக்கும் சிரிப்பும் வராது, அழுகையும் வராது. பக்கத்தில் நாய் வந்து நின்றதும் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. இந்த உதாரணம் இத்தாலியச் சிறுவர் எழுத்தாளர் ஜான்னி ரோதாரியுடையது. அவர் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் ‘விந்தை இணை’ என்று சொல்லலாம். ரோதாரி யார், இந்த விந்தை இணை எப்படி வேலை செய்கிறது என்று அவர் பெயரையே கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல முடியாது. இந்த யோசனையின் ஒவ்வொரு பகுதியும் அவர் வாழ்க்கையில் ஏதோ ஓர் இடத்திலிருந்து வந்திருக்கிறது.

ரோதாரி பிறந்தது 1920 அக்டோபர் 23இல். ஊர் ஒமேஞ்ஞா. வட இத்தாலியில், பியட்மான்ட் பகுதியில், ஓர்த்தா என்ற ஏரியின் கரையில் இருக்கிறது. அப்பாவுக்கு ரொட்டி சுடும் தொழில். ரோதாரிக்குப் பத்து வயது நிரம்புவதற்குள் அப்பா போய்விட்டார். அடைமழையில் தேங்கிய தண்ணீருக்கு நடுவே ஒரு பூனைக்குட்டி சிக்கிக்கொண்டிருக்க, அதைக் காப்பாற்ற வெளியே போனவர் தொப்பலாக நனைந்து திரும்பினார். அடுப்பின் அருகே முதுகைக் காட்டி நின்று, நடுக்கம் போகாமல் தவித்த அப்பாவைத்தான் கடைசியாகப் பார்த்ததாக ரோதாரி பின்னாளில் எழுதினார். ஏழு நாளில் நிமோனியா காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது பென்சிலின் கிடையாது.

இதை அவர் எழுதியது தன்வரலாற்றில் இல்லை, கதை கட்டும் முறைகளைப் பற்றிய புத்தகத்தில். ஒரு சொல்லை மனதுக்குள் போட்டால் அது குளத்தில் எறிந்த கல் போல அலை அலையாக எதையெல்லாம் கிளப்பிக் கொண்டுவரும் என்று விளக்கிக்கொண்டே போகிறவர், அந்த அலைகளில் ஒன்று தன் அப்பாவின் அடுப்படிவரை போவதைக் காட்டுகிறார். வேடிக்கைக் கதை எழுதுகிறவர் என்று அவரை லேசாக எடுத்துக்கொள்கிறவர்கள் அந்தப் பத்தியைப் படிக்க வேண்டும்.

அப்பா இறந்தபின் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் சொந்த ஊரான கவிராத்தேவுக்குப் போனார். அது வரேசே நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பையன் நன்றாகப் படிக்கிறான், பாதிரியார் ஆகட்டும் என்று குருமடத்தில் சேர்த்தார்கள். அது ஒத்துவரவில்லை. அப்புறம் ஆசிரியர் பயிற்சி. 1937இல், பதினேழு வயதுகூட முடியாத நிலையில், ஆசிரியர் சான்றிதழ் கையில் இருந்தது.

அடுத்து வந்த குளிர்காலம் முக்கியமானது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஒரு யூதக் குடும்பம் மஜ்ஜோரே ஏரிக்கு அருகே மலைச்சரிவில் ஒரு வீட்டில் தங்கியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு இத்தாலிய மொழி சொல்லித்தரும் வேலை ரோதாரிக்குக் கிடைத்தது. காலை ஏழிலிருந்து பத்துவரை பாடம். மீதி நேரமெல்லாம் காட்டில் சுற்றுவதும் தஸ்தயெவ்ஸ்கி படிப்பதும்தான். கொஞ்சம் ஜெர்மன் மொழியும் கற்றுக்கொண்டார். இத்தாலி தங்களுக்குப் பாதுகாப்பான இடம் என்று அந்தக் குடும்பம் நம்பியது சில மாதங்களுக்குத்தான். 1938இல் முசோலினியின் அரசும் யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது.

அந்த நாட்களில்தான் ஜெர்மன் கவிஞர் நோவாலிஸின் ஒரு குறிப்பு அவர் கண்ணில் பட்டது. தர்க்கத்துக்கு ஒரு சாஸ்திரம் இருப்பதுபோல் கற்பனைக்கும் ஒன்று இருந்தால், புனைவு செய்யும் கலையையே கண்டுபிடித்துவிடலாம் என்பது அதன் சாரம். பதினேழு வயதுப் பையனின் மனதில் அது தைத்துவிட்டது. புத்தகமாக வெளியே வர முப்பத்தைந்து வருடம் ஆனது.

இடையில் போர் வந்தது. உடல்நிலை காரணமாக ரோதாரி படையில் சேர்க்கப்படவில்லை. ஆனால் நெருங்கிய நண்பர்கள் போரில் இறந்தார்கள். தம்பி சேசரே ஜெர்மன் முகாம் ஒன்றில் அடைக்கப்பட்டார். 1944இல் ரோதாரி கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து பாசிச எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கினார். போர் முடிந்ததும் கட்சிப் பத்திரிகை வேலைக்குப் போனார். 1947இல் மிலான் நகரில், கட்சியின் நாளேடான ‘லூனித்தா’வில் நிருபரானார்.

சிறுவர் எழுத்தாளர் ஆகவேண்டும் என்று அவர் திட்டமிட்டதில்லை. பத்திரிகையில் இடம் நிரப்ப வேடிக்கையாக ஏதாவது வேண்டும் என்று ஆசிரியர் கேட்க, இவர் குட்டிக் குட்டிப் பாட்டுகளை எழுதிப் போட்டார். படித்த தொழிலாளர்கள், என் பிள்ளைக்கும் ஒரு பாட்டு எழுதிக் கொடுங்கள் என்று கடிதம் போட ஆரம்பித்தார்கள். அதனால் அவருடைய பாட்டுகளில் முதலிலிருந்தே ராஜா ராணியைவிட ரொட்டிக்காரரும் கொத்தனாரும் மீனவரும்தான் அதிகம். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வாசனை உண்டு என்று அடுக்கிக்கொண்டே போகும் ஒரு பாட்டு மிகவும் பிரபலம். சோம்பேறிகளுக்கு மட்டும் ஒரு வாசனையும் கிடையாது, ஆனாலும் கொஞ்சம் நாறுவார்கள் என்று முடியும்.

1950இல் கட்சி அவரை ரோமுக்கு அனுப்பியது. ‘பியோனியேரே’ என்ற சிறுவர் வார இதழை அவரும் தீனா ரினால்தியும் சேர்ந்து நடத்தினார்கள். பனிப்போரின் உச்சம் அது. கம்யூனிஸ்டுகள் குழந்தைகளைக் கெடுக்கிறார்கள் என்று கத்தோலிக்க வட்டாரங்கள் கொதித்தன. சில தேவாலய முற்றங்களில் அந்த இதழின் பிரதிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். 1951இல் சிப்பொல்லீனோவின் கதை புத்தகமாக வந்தது இந்தச் சூழலில்தான்.

சிப்பொல்லீனோ ஒரு வெங்காயப் பையன். கதையில் வருபவர்கள் பெரும்பாலும் காய்கறிகளும் பழங்களும்தான். நாட்டை ஆள்பவர் எலுமிச்சை இளவரசர். ஊர்வலத்தில் கூட்டம் நெருக்கித் தள்ள, சிப்பொல்லீனோவின் அப்பா தெரியாமல் இளவரசரின் காலை மிதித்துவிடுகிறார். அதற்கு ஆயுள் சிறை. பூசணிக்காய்த் தாத்தா ஒவ்வொரு செங்கல்லாகச் சேர்த்து, உட்கார்ந்தால் நிமிர முடியாத அளவுக்கு ஒரு குட்டி வீடு கட்டுகிறார். அதையும் தக்காளிப் பிரபு பிடுங்கப் பார்க்கிறார். கடைசியில் சின்னவர்கள் ஒன்று சேர்ந்து பெரியவர்களை விரட்டுகிறார்கள், கோட்டை பள்ளிக்கூடமாகிறது. கொஞ்சம் நேரடியான கதைதான், ஒளிவுமறைவு இல்லை. ஆனால் வெங்காயத்தை நாயகனாக்கியதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அவனை யார் துன்புறுத்தினாலும் துன்புறுத்துகிறவர் கண்ணில்தான் தண்ணீர் வருகிறது.

இத்தாலியில் அந்தப் புத்தகம் இடதுசாரிக் குடும்பங்களைத் தாண்டி அதிகம் போகவில்லை. சோவியத் ஒன்றியத்தில் நடந்ததே வேறு. 1953இல் ரஷ்ய மொழிபெயர்ப்பு வந்தது. ரோதாரியின் பாட்டுகளை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோனவர் அங்கே பெரும்புகழ் பெற்றிருந்த சிறுவர் கவிஞர் சமுயீல் மர்ஷாக். 1961இல் சிப்பொல்லீனோ அனிமேஷன் படமானது, 1974இல் கரேன் கச்சதுரியன் இசையில் பாலே நாடகமானது. 1973இல் வந்த ஒரு திரைப்படத்தில் ரோதாரியே ரோதாரியாகத் தலைகாட்டுகிறார். சொந்த நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியாதவர், மாஸ்கோவில் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்தவராக இருந்தார்.

இத்தாலியில் நிலைமை மாறியது 1960இல். தூரினில் இருந்த ஐனாவுதி அந்நாட்டின் மதிப்புமிக்க பதிப்பகங்களில் ஒன்று. அது அவருடைய பாட்டுகளைத் தொகுத்து, புரூனோ முனாரியின் ஓவியங்களோடு வெளியிட்டது. கட்சி வட்டத்துக்கு வெளியே இருந்த ஆசிரியர்களும் பெற்றோரும் அவரைப் படிக்கத் தொடங்கினார்கள். 1962இல் ‘தொலைபேசிக் கதைகள்’ வந்தது.

எனக்குப் பிடித்தது இந்தப் புத்தகம்தான். வரேசேயைச் சேர்ந்த பியாங்கி என்ற ஒருவர் மருந்து விற்பவர். வாரத்தில் ஆறு நாள் இத்தாலி முழுக்கச் சுற்றவேண்டிய வேலை. கதை கேட்காமல் மகள் தூங்கமாட்டாள். அதனால் ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்கு, எந்த ஊரில் இருந்தாலும், வீட்டுக்குப் போன் செய்து ஒரு கதை சொல்கிறார். போன் காசு அவர் சொந்தப் பையிலிருந்து போவதால் கதைகள் எல்லாம் சின்னதாகவே இருக்கும், வியாபாரம் நன்றாக நடந்த நாளில் கொஞ்சம் நீளும். அவர் போன் செய்தால் தொலைபேசி நிலையத்துப் பெண்கள் மற்ற அழைப்புகளை எல்லாம் நிறுத்திவிட்டுக் கதை கேட்பார்களாம். கதைகள் ஏன் குட்டையாக இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எந்தச் சிறுகதைக்காரரும் சொன்னதில்லை.

அதில் ஒரு கதை மட்டும் சொல்கிறேன். ஜாக்கொமோ என்ற பையன் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடம்போடு பிறக்கிறான். அவன் என்ன நினைக்கிறான் என்பது நெற்றிக்குப் பின்னால் எல்லோருக்கும் தெரியும், பொய் சொல்ல முடியாது. வளர்ந்து பெரியவனாகும்போது நாட்டில் ஒரு கொடுங்கோலன் ஆட்சிக்கு வருகிறான். எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஜாக்கொமோ வாயை மூடினாலும் பயனில்லை, நினைப்பது வெளியே தெரிகிறதே! அவனைச் சிறையில் தள்ளுகிறார்கள். உடனே சிறையின் சுவர்களும் கண்ணாடியாகிவிடுகின்றன. வெளியே போகிறவர்கள் அவன் எண்ணங்களைத் தொடர்ந்து படிக்கிறார்கள், கொடுங்கோலனுக்குத் தூக்கம் போய்விடுகிறது. சிப்பொல்லீனோவில் பக்கம் பக்கமாகச் சொன்ன விஷயம் இங்கே இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது.

இதே காலத்தில் ரோதாரி ‘பயேசே சேரா’ என்ற நாளேட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனார். எழுதிய கதையைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்ப்பார், எங்கே சிரிக்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று கவனிப்பார். ரோமின் ஓரத்தில் த்ருல்லோ என்ற ஏழைப் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து உருவாக்கியதுதான் 1966இல் புத்தகமான ‘வானத்தில் ஒரு கேக்’. த்ருல்லோவின் மேலே ராட்சச வட்டம் ஒன்று மிதக்கிறது. செவ்வாய்க் கிரகத்து விண்கலம் என்று ராணுவம் பதறுகிறது. பிள்ளைகள் நக்கிப் பார்த்து, சாக்லேட் என்று கண்டுபிடிக்கிறார்கள். அணுகுண்டுச் சோதனையில் ஏதோ கோளாறாகி, காளான் மேகத்துக்குப் பதிலாகக் கேக் வந்துவிட்டது. 1970இல் சிறுவர் இலக்கியத்தின் மிகப் பெரிய சர்வதேச விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது ரோதாரிக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இத்தாலிய எழுத்தாளர் அவர்தான்.

சரி, விந்தை இணைக்கு வருவோம். 1972 மார்ச் மாதம் ரெஜ்ஜோ எமிலியா நகராட்சி அவரை அழைத்தது. குழந்தைப் பள்ளிகளுக்கு இன்று உலகமெங்கும் பெயர் பெற்ற அதே ஊர். ஐம்பது ஆசிரியர்கள் போல உட்கார்ந்திருக்க, 6ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதிவரை தன்னுடைய தொழில் ரகசியங்களை எல்லாம் ரோதாரி கொட்டினார். அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்து 1973இல் வந்த புத்தகம்தான் ‘கற்பனையின் இலக்கணம்’. அந்த நகரத்துக்கே அதைச் சமர்ப்பணம் செய்தார்.

விந்தை இணைக்கு அவர் சொல்லும் நிபந்தனைகள் கொஞ்சம்தான். இரண்டு சொற்கள் வேண்டும், அவை ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கவேண்டும். குதிரையும் நாயும் என்றால் பயனில்லை. இரண்டும் விலங்கு, மனசு பழகிய பாதையிலேயே போகும். இன்னொன்று, சொற்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். அதனால் வகுப்பில் ஒரு பிள்ளையைக் கரும்பலகையின் முன்பக்கத்திலும் இன்னொரு பிள்ளையைப் பின்பக்கத்திலும், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஆளுக்கொரு சொல் எழுதச் சொல்வார். பலகையைத் திருப்பும்போதே பாதிக் கதை தொடங்கிவிடும்.

அடுத்தது, அந்த இரண்டையும் இணைப்பது. இத்தாலிய மொழியில் அதற்குத் தனிச் சிறு சொற்கள் உண்டு. நமக்கு அந்த வேலையை வேற்றுமை உருபுகள் செய்துவிடும். ஐ, ஆல், கு என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோமே, அவைதான். எருமை, ஏணி என்று இரண்டு சொற்கள் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். எருமையின் ஏணி, ஏணிமேல் எருமை, ஏணியோடு வந்த எருமை, எருமைக்கு ஏணி. ஒவ்வொன்றும் வேறு வேறு கதை. கடைசியதை எடுத்துக்கொள்வோம். எருமைக்கு எதற்கு ஏணி? மேலே எதையோ பார்த்துவிட்டது, ஏறவேண்டும். சாதாரண மூங்கில் ஏணி தாங்குமா? தாங்காது. அப்படியானால் தச்சரை வரவழைத்து எருமைக்கு அளவெடுத்து ஒன்று செய்யச் சொல்லவேண்டும். தச்சர் எருமையின் காலடி அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளும் காட்சி வந்துவிட்டதா, இனிமேல் கதையை நிறுத்துவதுதான் கஷ்டம்.

இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. தொடக்கம்தான் தற்செயல், அதற்குப் பிறகு எல்லாம் தர்க்கம். எருமை ஏறுகிறது என்று ஒப்புக்கொண்டால், ஏணியின் பலத்தைப் பற்றி யோசித்தே ஆகவேண்டும். வாய்க்கு வந்ததைச் சொல்வது கற்பனை ஆகாது. அவருடைய இன்னொரு கருவியான ‘என்ன ஆகும்’ கேள்வியும் அப்படித்தான். ஒரு முதலை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, சமையலுக்குக் கொஞ்சம் ரோஸ்மேரி இலை கேட்டால் என்ன ஆகும்? லிஃப்ட் மேல்மாடியில் நிற்காமல் நிலாவரை போய்விட்டால் என்ன ஆகும்? கேள்வி எவ்வளவு அபத்தமாகவும் இருக்கலாம், பதில் ஒழுங்காக இருக்கவேண்டும்.

தெரிந்த கதையில் தெரியாத பொருளை நுழைப்பது இன்னொரு முறை. சிறுமி, காடு, பூக்கள், ஓநாய், பாட்டி என்று சொற்களை அடுக்கினால் எல்லாப் பிள்ளைகளும் சிவப்புக் குல்லாய்ப் பெண்ணின் கதையைச் சொல்லிவிடுவார்கள். வரிசையின் கடைசியில் ஹெலிகாப்டர் என்று சேர்த்துவிட்டால்? ஓநாய்க்கு இனிமேல் நிம்மதி கிடையாது.

பிழைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. கார்டா ஏரி என்று எழுதவேண்டிய இடத்தில் ஒரு பிள்ளை ஏரி என்ற சொல்லின் நடுவே மேற்குறியைத் (’) தவறாகப் போட்டால் இத்தாலிய மொழியில் அது கார்டா ஊசி ஆகிவிடும். சிவப்பு மையால் அடிக்கலாம், அல்லது தேசப்படத்தில் இடம்பெறும் அளவுக்குப் பெரிய அந்த ஊசியின் வரலாற்றையும் புவியியலையும் எழுதலாம் என்கிறார். நிலா அதன் முனையில் பிரதிபலிக்குமா, காதிலா? பிழையைத் திருத்தாதே என்று அவர் சொல்லவில்லை. திருத்துவதற்கு முன் கொஞ்சம் விளையாடு என்கிறார்.

முடிவுகளைப் பற்றி அவர் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. 1971இல் வந்த ஒரு தொகுப்பில் இருபது கதைகளுக்கும் மூன்று மூன்று முடிவுகள் கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நீங்களே எழுதுங்கள் என்று விட்டுவிட்டார். அதுதான் இந்த முறையின் பலவீனமும் என்று எனக்குத் தோன்றும். விந்தை இணை கதையைக் கிளப்பிவிடும், கொண்டுபோய்ச் சேர்க்காது. அதற்கு ரோதாரியிடம் இருந்த கோபமும் பரிவும் வேண்டும், அவை கரும்பலகையில் கிடைக்காது.

இன்று பல இடங்களில் இந்தப் புத்தகத்தை எழுத்துப் பயிற்சிக் குறிப்புகளாக மட்டும் பயன்படுத்துகிறார்கள். அவர் அதைக் கதாசிரியர்களை உருவாக்குவதற்காக எழுதவில்லை. சொல்லின் எல்லாப் பயன்களும் எல்லோருக்கும் வேண்டும், எல்லோரும் கலைஞர் ஆவதற்காக அல்ல, யாரும் அடிமையாக இல்லாமல் இருப்பதற்காக என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். எலுமிச்சை இளவரசரை விரட்டியவரும் எருமை ஏணி வகைக் கதைகளுக்கு வழி சொன்னவரும் ஒரே ஆள் என்பதை மறந்தால், மிஞ்சுவது வெறும் வார்த்தை விளையாட்டு.

கடைசிக் காலத்தில் அவர் தான் பிறந்த ஏரிக்கே திரும்பப் போனார், கதையில். 1978இல் வந்த நாவலின் நாயகர் லம்பேர்தோ பிரபுவுக்கு வயது 93, நோய்கள் 24. ஓர்த்தா ஏரியின் நடுவே சான் ஜூலியோ தீவில் பெரிய மாளிகை. பெயரை யாராவது உச்சரித்துக்கொண்டே இருந்தால் மனிதன் சாகமாட்டான் என்று எகிப்தில் கேட்டுவந்து, இரவும் பகலும் தன் பெயரைச் சொல்ல ஆறு பேரைச் சம்பளத்துக்கு வைக்கிறார். உண்மையிலேயே வயது குறைந்துகொண்டே வருகிறது. அப்புறம் 24 கொள்ளைக்காரர்கள் தீவைப் பிடிக்கிறார்கள், அவர்கள் எல்லோர் பெயரும் லம்பேர்தோ. ரோதாரி 1980 ஏப்ரல் 14இல் ரோமில், கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, தன் 59ஆவது வயதில் இறந்தார்.

படிக்கத் தொடங்க நினைப்பவர்கள் ‘தொலைபேசிக் கதைக’ளிலிருந்து தொடங்குவது நல்லது. 2020இல் நல்ல ஓவியங்களோடு ஓர் ஆங்கிலப் பதிப்பு வந்திருக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு கதைக்கு மேல் வேண்டாம். சிப்பொல்லீனோவைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். ‘கற்பனையின் இலக்கண’த்தை ஜாக் ஸைப்ஸ் 1996இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதை முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படிக்கவேண்டிய அவசியமில்லை. அத்தியாயங்கள் மிகச் சின்னவை. எதையாவது ஒன்றைப் பிரித்துப் படித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு சொல் கேளுங்கள், இன்னொன்றை நீங்கள் சொல்லுங்கள்.